கடச்சிலா, தரிப்பா?

தேர்வுக்கு முந்தின வாரம் பல்கலைக்கழக ஹெல்த் சென்டர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். காய்ச்சல், சளி என்று வருகிறவர்களுக்கு நடுவே, ஒரு கையால் எதிர்த் தோளைப் பிசைந்துகொண்டே டோக்கன் வாங்குகிற பிள்ளைகள் இருப்பார்கள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்து மட்டும் திரும்பாது, மொத்த உடம்பும் திரும்பும். உள்ளே போனால் ஒரு வலி மாத்திரையும் ஒரு களிம்பும் கிடைக்கும். மாத்திரை தீர்ந்ததும் முடிவெட்டும் கடைக்குப் போய்க் கழுத்தில் சொடக்கு எடுத்துக்கொண்டு வருவார்கள்.

எங்கள் பக்கத்தில் இது நடப்பதுதான் வருத்தம். தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வர்ம ஆசான்மார், அந்தப் பக்கம் களரியோடு சேர்ந்து வளர்ந்த உழிச்சில் என்கிற தடவல் வைத்தியம். 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரியும்வரை ஒரே நிர்வாகத்தில் இருந்த மண். திருவனந்தபுரத்தில் 1889 முதல் ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது, நாகர்கோவில் கோட்டாற்றிலும் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. காரியவட்டத்துக் கேரளப் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ்த் துறையே உண்டு. இங்கிருந்து அங்கே படிக்கப் போகிறார்கள், பாறசாலையிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் படிக்க வருகிறார்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகச் சுகாதார மையங்களில் மசாஜ் தெரபி தனிச் சேவையாகவே நடக்கிறது. உரிமம் பெற்ற தெரபிஸ்ட், அரை மணி அல்லது ஒரு மணி நேரம், மாணவருக்குக் குறைந்த கட்டணம். நியூயார்க் மாநிலத்தில் அந்த உரிமத்துக்கு 1,000 மணி நேரப் படிப்பு வேண்டும். தடவும் கைத்திறன் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம் ஊரில் ஒரு வளாகத்துக்கு ஒரு தடவல் அறை வைப்பது முடியாத காரியம் இல்லை. ஆனால் வைக்கிறவர்கள் எண்ணெயும் மேஜையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும்: அந்த அறையின் முதல் வேலை கேட்பது. கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

எல்லை ஊர்களில் இந்தக் கேள்விப் பகுதி இன்னும் கவனமாக நடக்க வேண்டும், ஏனென்றால் வலிக்கு இங்கே இரண்டு பாஷை. மலையாளப் பிள்ளை 'பிடலி வேதனை' என்பாள், தமிழ்ப் பிள்ளை 'பிடரி வலி' என்பான். மலையாளத்தில் வேதனை என்பது உடம்பு வலி, தமிழில் அது மனக் கஷ்டம். 'கடச்சில்' என்றால் உள்ளே ஆழத்தில் விடாமல் கடுக்கிற வலி. நம் ஆட்கள் கடுப்பு, உளைச்சல், குடைச்சல் என்பது ஏறக்குறைய அதுதான். 'தரிப்பு' வேறு. மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போல இருப்பது. இரண்டு பாஷைக்கும் பொதுவான குழப்பம் ஒன்றும் உண்டு, 'நரம்பு'. இரத்தக் குழாயும் நரம்புதான், தசைநாரும் நரம்புதான், நெர்வும் நரம்புதான். 'நரம்பு பிடிச்சிருக்கு' என்று ஒருவர் சொன்னால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

கடச்சில், கடுப்பு, இறுக்கம், இழுப்பு: இவை பெரும்பாலும் தசை. தடவல் உதவும். தரிப்பு, மரப்பு, சுரீரென்று கைக்குள் ஓடுவது: இவை நெர்வு. இங்கே தோளைப் பிசைவதற்கு முன் எந்த விரல் என்று கேட்க வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நெர்வு நெருக்கப்படுகிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் என்றால் முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும். மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி மணிக்கணக்கில் படிக்கிறவர்களுக்கு இது வரும். அவருக்குத் தேவை மசாஜ் இல்லை, முழங்கைக்குக் கீழே மடித்த ஒரு துண்டு. கழுத்தைச் சாய்த்தால் கையில் மின்சாரம் போல ஓடுகிறது, பேனா நழுவுகிறது, பிடி தளர்ந்திருக்கிறது என்றால் அன்றைக்கே டாக்டர்.

முதுகு வலி என்று வந்தவரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை உண்டு. சிறுநீர் கழிப்பதில் ஏதாவது மாற்றமா? உட்காரும் இடம், தொடையின் உள்பக்கம் மரத்திருக்கிறதா? காலைத் தூக்கி நடப்பதில் சிரமமா? இதில் ஒன்றுக்கு 'ஆமா' வந்தாலும் முதுகுத்தண்டின் அடியில் நெர்வுக் கற்றை நசுங்குகிறது என்ற சந்தேகத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

மழைக்காலம் வந்தால் இன்னொரு கேள்வி முதலிடத்துக்கு வந்துவிடும். இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை தொடங்கியதும் இரண்டு பக்கமும் எலிக்காய்ச்சல், டெங்கு. எலிக்காய்ச்சலின் முக்கியமான அடையாளமே கெண்டைக்கால் வலிதான். தண்ணீர் தேங்கிய மைதானத்தில் பந்து விளையாடினவன் மூன்று நாள் உடம்பு வலி, கெண்டைக்காலைத் தொட முடியவில்லை, கண் சிவந்திருக்கிறது என்று வந்தால், அதை விளையாட்டு வலி என்று நினைத்து எண்ணெய் எடுப்பது பெரிய தவறு. சீக்கிரம் தொடங்கினால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் அடங்குகிற நோய், தள்ளிப்போட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கும், அமுக்கினால் தோலுக்கடியில் இரத்தம் கசியும். ஆகவே அறைக்குள் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் அன்று தடவல் கிடையாது, யார் கெஞ்சினாலும்.

கெண்டைக்காலில் வேறொரு ஆபத்தும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் ஆழத்துச் சிரைக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிசைந்தால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். இருபது வயதில் இதெல்லாம் வராது என்று நினைக்கக் கூடாது. சமீபத்தில் மாவுக்கட்டுப் போட்டிருந்தாரா, நீண்ட நேரம் பஸ்ஸிலோ ரயிலிலோ அசையாமல் வந்தாரா, மாதவிடாய் சரியாக வருவதற்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பெண் தெரபிஸ்ட் தனியாகக் கேட்டால்தான் பதில் வரும். சினைப்பை நீர்க்கட்டிக்கு அந்த மாத்திரை சாப்பிடுகிற மாணவிகள் வளாகத்தில் உண்டு, அதை 'மருந்து' என்ற கணக்கில் அவர்கள் எழுதுவதில்லை.

இவ்வளவும் கேட்க முதல் தடவை பத்து நிமிஷம் ஆகும். அரை மணி நேரத்தில் பத்து நிமிஷம் பேச்சிலேயே போய்விடுகிறதே என்று மாணவருக்குத் தோன்றும். அதனால் முதல் வருகைக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்குவது நல்லது.

இனி அறை. சுகாதார மையங்களில் ஏற்கெனவே இருக்கிற பரிசோதனைக் கட்டிலையே தடவலுக்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம்தான் முதலில் வரும். அதில் முகத்துக்கான ஓட்டை கிடையாது. குப்புறப் படுத்தவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி இருபது நிமிஷம் கிடப்பார். கழுத்து வலிக்காக வந்தவர் கழுத்தை முறுக்கிக்கொண்டே கிடந்தால், எழுந்திருக்கும்போது வந்ததைவிட மோசமாக இருக்கும். மாற்று மேஜை வாங்கும்வரை, இரண்டு துண்டுகளை இறுக்கிச் சுருட்டிக் குதிரை லாடம் போல வளைத்து நெற்றிக்கும் கன்னத்துக்கும் கீழே வைத்து, நெஞ்சுக்கடியில் ஒரு தலையணை கொடுத்தால் மூக்குக்கு இடம் கிடைத்து முகம் நேராக இருக்கும். கணுக்காலுக்கு அடியிலும் ஒரு சுருள் வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு இழுக்கும்.

மேஜையின் அகலம் 28 முதல் 30 அங்குலம். உயரத்துக்குச் செலவில்லாத அளவு ஒன்று உண்டு: தெரபிஸ்ட் பக்கத்தில் நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல் முட்டி மேஜையைத் தொட வேண்டும். அதைவிட உயரமாக இருந்தால் அவர் தோளால் அமுக்குவார், ஒரு வருஷத்தில் அவருக்கே கட்டைவிரலும் தோளும் போய்விடும். உடம்பின் பாரம் கைவழியாக இறங்க வேண்டும். சவிட்டி உழிச்சிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் தடவுவதும் இதே கணக்குத்தான், தசை பலத்தைச் செலவழிக்காமல் பாரத்தை அளந்து இறக்குவது.

தேர்வு வாரத்துக்கு மேஜையைவிட மசாஜ் நாற்காலி உதவும். முகத்தையும் நெஞ்சையும் முன்னால் சாய்த்து உட்காருகிற அந்த நாற்காலி 1980களில் அமெரிக்காவில் டேவிட் பால்மர் கொண்டுவந்தது. உடுப்பு கழற்ற வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பதினைந்து நிமிஷம் போதும். முதல் தடவை வரும் மாணவிகளுக்குத் தயக்கம் இல்லாத வழியும் இதுதான்.

கழுத்து, தோளுக்கு அரை மணி நேரத் தடவல் எப்படிப் போக வேண்டும் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எண்ணெயைச் சூடாக்க அடுப்பு வேண்டாம். பாட்டிலை வெந்நீர் ஊற்றிய மக்கில் ஐந்து நிமிஷம் வைத்தால் போதும், மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். கழுத்துக்கும் தோளுக்கும் 10 மில்லி, முதுகு முழுவதற்கும் 15 முதல் 20 மில்லி. முதுகில் நேராக ஊற்றக் கூடாது, திடுக்கென்று தசை சுருங்கும். உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துக்கொண்டுதான் வைக்க வேண்டும். எண்ணெய் கூடினால் கை வழுக்கும், வழுக்குகிற கை தசையைப் பிடிக்க முடியாமல் தோலைக் கிள்ளும்.

முதலில் துணியின் மேலேயே இரண்டு கையையும் தோளில் அசைக்காமல் வைத்து இரண்டு மூன்று மூச்சு. பிறகு இடுப்பிலிருந்து மேல்நோக்கி, தண்டெலும்பின் மேல் படாமல், அதன் இரு பக்கத்து மேட்டிலும் நீளமாக ஆறேழு தடவை. அடுத்து தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே எடுத்து, மெதுவாகத் தூக்கி, மூன்று மூச்சு நேரம் பிடித்து விட வேண்டும். கிள்ளுவது போல விரல்நுனியால் பிடித்தால் நகம் பதியும். விரலின் முழு நீளமும் படட்டும்.

தோள்பட்டை எலும்பின் மேல்-உள் மூலையில் விரல் வைத்தால் கயிறு போல ஒன்று உருளும். தலையைக் குனிந்து செல்போன் பார்க்கிற எல்லோருக்கும் அங்கேதான் முடிச்சு. அதைத் தேய்க்கத் தேய்க்கக் கோபப்படும். விரலை நிறுத்தி, அமுக்கி, முப்பது வினாடியிலிருந்து ஒரு நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். வலி பாதியாகக் குறைவதை மாணவரே சொல்வார். கடைசியில் மல்லாக்கப் படுக்கவைத்து, மண்டையோட்டின் அடிவிளிம்பில் விரல்நுனிகளைக் கொடுத்து, தலையின் பாரம் தானாக விரல்மேல் இறங்கும்படி இரண்டு மூன்று நிமிஷம். இங்கே அமுக்கவே வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று வருகிற தலைவலிகளில் பல இந்த இடத்தில் தளரும். முடிந்ததும் சட்டென்று எழுப்பக் கூடாது. மேஜை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் உட்கார வைக்க வேண்டும், இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

சித்த மருத்துவத்தின் புறமருந்துகள் 32-இல் தொக்கணம் என்கிற தடவலும் ஒன்று. அதில் ஒன்பது வகை சொல்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். ஸ்வீடிஷ் மசாஜ் என்று உலகம் முழுக்கச் சொல்லித்தருகிற ஐந்து கைமுறைகளில் தட்டுவதும் அசைப்பதும் அப்படியே இருக்கின்றன. ஒரு மாணவருக்குத் தொக்கணம் என்றும் மற்றவருக்கு மசாஜ் என்றும் சொல்வதில் கைக்கு வித்தியாசமில்லை. இந்த ஒன்பதில் வளாக அறையில் வேண்டாம் என்று நான் சொல்வது கழுத்தில் செய்யும் முறுக்கலை மட்டும்தான்.

காரணம் இருக்கிறது. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகிற இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக ஏறி, மேல் எலும்பில் வளைந்து உள்ளே போகின்றன. தலையைச் சட்டென்று திருகும்போது அந்த வளைவில் தமனியின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அபூர்வம்தான், ஆனால் இளவயதுக்காரர்களுக்குப் பக்கவாதம் வருகிற காரணங்களில் கழுத்துத் தமனிக் கிழிவு முக்கியமான ஒன்று. சொடக்கு எடுத்த அன்றோ அடுத்த சில நாளிலோ புதுவிதமான பிடரி வலி, தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறல், நடை தள்ளாடல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. முடிவெட்டும் கடைச் சொடக்குக்கு என் எதிர்ப்பு இதுதான். அந்த 'டக்' சத்தம் மூட்டுக்குள் வாயுக் குமிழி உண்டாகிற சத்தம், எதுவும் இடத்துக்கு வந்து உட்கார்ந்ததற்கு அடையாளம் கிடையாது.

கழுத்தின் முன்பக்கத்தையும் தொட வேண்டாம். தாடைக்குக் கீழே நாடி துடிக்கிற இடத்தில் அமுக்கினால் இதயத் துடிப்பு தாழ்ந்து மயக்கம் வரும். வர்மத்தில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 இடம் கணக்கு வைத்த ஆசான்மார், சீடனுக்கு முதலில் சொல்லித்தருவது எங்கே கை வைக்கக் கூடாது என்பதை. அந்த ஒழுங்கு நாற்காலி மசாஜுக்கும் பொருந்தும்.

எங்கள் பக்கத்தில் மாற்ற வேண்டிய ஒரு நம்பிக்கை, வலிச்சாத்தான் குணமாகும் என்பது.

"எப்படி இருக்கு மக்ளே, வலிக்கா?"

"தாங்கிக்கிடுவேண்ணே, நீங்க நல்லா அமுக்குங்க."

'தாங்கிக்கிடுவேன்' என்ற பதில் வந்ததும் கையைத் தளர்த்த வேண்டும். வலி பத்துக்கு ஆறு தாண்டினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும், இறுகின தசையை மேலும் அமுக்கினால் மறுநாள் கன்றிப்போகும். வாயால் சொல்லாததை உடம்பு சொல்லும்: மூச்சைப் பிடிப்பது, கால் விரல்கள் மடங்குவது, கை முஷ்டியாவது. அறுபது கிலோ தூக்கின மறுநாள் தொடை வலி என்று வருகிறவர்களிடமும் இதே கவனம் வேண்டும். அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். லேசான தடவல் சுகம் கொடுக்கும். லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறோம் என்பது தவறு, அது பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்தில் கரைந்து போயிருக்கும். ஆனால் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் சிறுநீர் போகிறது என்று சொன்னால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம். மேஜையில் படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, சாதாரணக் கழுத்து இறுக்கத்துக்கு வெறும் நல்லெண்ணெயே போதும். மருந்தெண்ணெய்களை ஆயுர்வேத டாக்டர் எழுதித்தந்தால் மட்டும். கொட்டஞ்சுக்காதி நல்லெண்ணெயில் சுக்கு, பூண்டு, கடுகெல்லாம் சேர்த்துக் காய்ச்சினது. சூடான எண்ணெய், கடுப்புக்கு நல்லது, ஆனால் சிவந்து சூடாக வீங்கின மூட்டில் போட்டால் எரிச்சல் கூடும், வகுப்பில் பூண்டு வாசமும் அடிக்கும். முறிவெண்ணெய் தேங்காயெண்ணெயில் வெற்றிலை, சின்ன வெங்காயம், முருங்கையிலை, கற்றாழை சேர்த்தது. மைதானத்தில் கணுக்கால் பிசகி வருகிறவனுக்கு அதைப் போட்டு உருவிவிடுவதுதான் நடக்கிற தவறு. முதல் இரண்டு மூன்று நாள் உருவவே கூடாது. பஞ்சிலோ துணியிலோ நனைத்து வைத்துக் கட்டி, காலை உயர்த்தி வைக்க வேண்டும். நாலு எட்டு ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் முதலில் எக்ஸ்ரே.

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் தெரபிஸ்ட் என்பது இங்கே விட்டுக்கொடுக்க முடியாத நியதி. கேரளத்தில் ஆயுர்வேத தெரபிஸ்ட் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவர்கள் கிடைப்பார்கள், அவர்களுக்கு மேல் பொறுப்பாக ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். தடவுகிற பகுதி தவிர மற்ற எல்லாம் துணியால் மூடியிருக்கும், எந்தத் துணியையும் மாணவரே விலக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்று பாஷையிலும் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். கூட ஒரு தோழி உட்கார ஒரு நாற்காலி.

யாரும் யோசிக்காத இடம் சலவை. எண்ணெய்த் துண்டுகளைச் சலவைச்சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து, 60 டிகிரி செல்சியஸில் துவைக்க வேண்டும். சாதாரணத் துவையலில் எண்ணெய் போகாது, இரண்டு வாரத்தில் சிக்கு நாற்றம் வரும். மழை மாதங்களில் வெயில் கிடைக்காது என்று டிரையர் வாங்குவார்கள். எண்ணெய் மிச்சமிருக்கிற துண்டை டிரையரில் காயவைத்துச் சூட்டோடு குவித்து வைத்தால், உள்ளே எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறி, யாரும் இல்லாத ராத்திரியில் தானாகவே தீப்பிடிக்கலாம். ஆறின பிறகு மடித்து, தனித்தனியாக அடுக்க வேண்டும். ஒரு மாணவருக்கு இரண்டு துண்டு, ஒரு விரிப்பு என்று கணக்கு வைத்து, மூன்று நாளுக்குத் தேவையான அளவு கையிருப்பு இருந்தால் அவசரத்தில் ஈரத் துண்டு எடுக்க வேண்டி வராது.

வந்து போகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. முதல் நாள் அவர் வலிக்குச் சொன்ன வார்த்தையை அவர் பாஷையிலேயே எழுத வேண்டும்: கடச்சில், உளைச்சல், தரிப்பு. பக்கத்தில் பத்துக்கு எவ்வளவு என்ற எண். லேப்டாப்புக்கு அடியில் நாலு புத்தகம் அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி செய்யச் சொல்லி, தனிக் கீபோர்டு இல்லாவிட்டால் நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லி அனுப்ப வேண்டும். மூன்றாவது தடவையும் எண் இறங்கவில்லை என்றால் நாலாவது தடவல் கிடையாது. அட்டையை எடுத்துக்கொண்டு தெரபிஸ்டே அவரோடு டாக்டரின் அறை வரைக்கும் நடக்க வேண்டும். டாக்டர் முதலில் படிக்க வேண்டியது முதல் நாள் எழுதின அந்த வார்த்தையை.